சூட்டு வரிசையில் ஒரு பொட்டு

வெங்கடலட்சுமியை நான் திட்டாத நாளே கிடையாது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது கோட்டைமேட்டில் எங்கள் தெருவுக்கே தெரியும். அவளுக்கோ கோபம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். திரும்பும்போதும் எங்கேயோ வெகுதூரத்திலிருந்து நடந்து வந்து சேர்ந்தவள்போல ஒரு சிரிப்பு சிரிப்பாள். "ஏனுங் ரிஃபத், கூப்டீங்களா?" என்பாள். தொண்டை வறளக் கத்தியவளுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

சிங்காநல்லூர்க் குளத்தைத் தாண்டி, ஒரு மில்லின் பின்சுவரை ஒட்டி இருந்தது எங்கள் லேப். கோழிக்குத் தடுப்பு மருந்து செய்கிற கம்பெனி. பல்லடம், உடுமலைப் பண்ணைகளில் வெள்ளைக்கழிச்சல் வராமல் இருக்கக் குஞ்சுகளின் கண்ணிலும் மூக்கிலும் ஒரு சொட்டு விடுவார்களே, அந்த மருந்து. அது செத்த மருந்து அல்ல. கிருமியைச் சாதுவாக்கி, உயிரோடு அப்படியே உள்ளே விடுவது. குஞ்சுக்கு லேசாகத் தும்மல் வரும், அவ்வளவுதான். அப்புறம் அசல் நோய் வந்தால் உடம்பு அதை அடையாளம் கண்டு விரட்டிவிடும். அந்தக் கிருமியைக் கருமுட்டைக்குள்தான் வளர்க்க வேண்டும். முட்டைகளைப் பார்த்து எடுத்துக் கொடுப்பது வெங்கடலட்சுமியின் வேலை. முட்டைக்குள் கிருமி வளர்ந்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது என் வேலை.

முட்டை பார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு பல்பு, பெட்டியின் முகத்தில் முட்டை உட்காரும் அளவுக்கு ஓர் ஓட்டை. முட்டையை அதில் வைத்தால் உள்ளே விளக்கேற்றியதுபோலச் செக்கச்செவேலென்று ஆகிவிடும். சிவப்புக்குள் நரம்புகள் கிளைகிளையாகப் பிரிந்து ஓடும். நடுவில் ஒரு கரும்புள்ளி துள்ளும். அது துள்ளினால் உயிர் இருக்கிறது. நரம்பு மங்கி, அசையாமல் கிடந்தால் செத்தது. நரம்பே இல்லாமல் வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் கூமுட்டை. இந்த மூன்றையும் பிரித்துப் பிரித்து அவள் தட்டுகளில் அடுக்குவாள். அந்த இருட்டில் அவள் முகமும் விரல்களும் மட்டும் சிவந்து தெரியும். நான் வாசலில் நின்று, "ஏய் கூமுட்டை, சோறு தின்ன வர்றியா இல்லையா?" என்று கத்துவேன். அவள், "சித்த இருங்க, இந்தக் கண்ணு இப்பத்தான் முழிச்சுருக்குது" என்பாள்.

அவள் பல்லடத்துப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பே, குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில் வேலை பார்த்தவள். வீட்டில் தெலுங்கு, வெளியே எங்கள் எல்லாரையும்போலக் கோயமுத்தூர்த் தமிழ். புருஷன் லட்சுமணசாமி மில்லில் பஞ்சுப் பேல் மூட்டைகளை உடைக்கும் இடத்தில் பல வருஷம் நின்றவர். பஞ்சுத்தூசி எல்லாம் அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. வாட்டசாட்டமாக, மீசை முறுக்கிக்கொண்டு இருப்பார். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்காற்று திரும்பியதோ இல்லையோ, மனுஷன் சுருண்டுவிடுவார். ஊரில் எல்லாருக்கும் வருகிற சாதாரண ஃப்ளூ காய்ச்சல்தான் அவருக்கும் வரும். மற்றவர்களுக்குச் சுக்குக் காப்பியோடு போகிற காய்ச்சல், அவருக்கு நேரே நெஞ்சுக்கு இறங்கிவிடும். முந்தின வருஷக் குளிரில் பெரியாஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, இனி அவ்வளவுதான் என்று சொல்லி, பிறகு பிழைத்து வந்தவர். இன்னொரு காய்ச்சலை இந்த நெஞ்சு தாங்காது என்று அங்கே ஒரு டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு வந்த முதல் குளிர்காலம் அது. தொண்ணூற்றாறாம் வருஷம் முடிகிற சமயம்.

அப்படியும் தினமும் சாயந்தரம் அவளைக் கூட்டிப்போக லேப் கேட்டுக்கு வந்துவிடுவார். தோளில் ஒரு கம்பளிச் சால்வை. இரண்டு பேரும் குளத்தங்கரையோரம் பேசிக்கொண்டே நடந்து போவார்கள். என்ன பேசுவார்களோ! கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனவர்களுக்கு அவ்வளவு பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

எங்கள் லேப்பின் கடைசி அறையை டாக்டர் சசிதருக்கு ஒதுக்கியிருந்தார்கள். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர். சொந்த ஊர் இந்தப் பக்கம்தான். கோழி மருந்தைப்போலவே மனுஷனுக்கும் ஃப்ளூவுக்கு ஒரு சொட்டு மருந்து செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கிருந்து அனுமதி வாங்கி ஒரு குப்பி கொண்டுவந்திருந்தார். அதில் இருந்தது ஃப்ளூ கிருமி. ஆனால் அதன் மரபணுவில் மூன்று இடத்தில் எழுத்தை மாற்றி எழுதிவிட்டார்கள். அதனால் சூடான இடத்தில் அதற்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அதைக் குளிர்ந்த பெட்டிக்குள், முட்டையில் வளர்த்து, அதன் திரவத்தை எடுத்து அடுத்த முட்டைக்குள் விட்டு, அதிலிருந்து அதற்கடுத்த முட்டைக்கு என்று மாசக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருந்தார். அப்படிச் செய்தால் நிறைய வளர்ந்து கொடுக்கும் என்று கணக்கு.

முட்டை கொண்டுபோய்க் கொடுத்த ஒரு நாள் வெங்கடலட்சுமி அவரிடம், இது எதுக்குங்க என்று கேட்டாள். கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிற மனுஷன் அவர்.

"நம்ம மூக்கு குளிர்ச்சிங்க, நெஞ்சு சூடு. இந்தக் கிருமிக்குக் குளிர்லதான் வளரத் தெரியும். மூக்குல நின்னு உடம்புக்கு ஒரு பாடத்தைச் சொல்லிப்போட்டு அங்கயே முடிஞ்சிரும்."

"நெஞ்சுக்கு எறங்காதுங்களா?"

"எறங்கினாலும் சூட்டுல வளராதுங்க."

அன்றைக்கு அவள் திரும்பி வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தவள், வைத்த முட்டையை எடுக்கவே இல்லை. பல்பின் சூட்டில் அது வெந்துவிடும் என்று நான் வந்து கத்தும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பேச்செல்லாம் கனவாக இருந்தது. முட்டையை வைப்பாள், எடுப்பாள், நேற்று கண்ட கனவைச் சொல்வாள். ஒரு கனவில் புருஷனைத் தூக்கி இந்தப் பெட்டி மேல் வைத்துப் பார்க்கிறாளாம். அத்தனை பெரிய ஆள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறாராம். உள்ளே சிவப்பாக வெளிச்சம். நெஞ்சுக்குள் கிளைகிளையாக நரம்பு, ஒரு தூசி இல்லை, பஞ்சு இல்லை. நடுவில் அவர் துள்ளுகிறாராம். "மீசையோடவா?" என்று நான் கேட்டேன். "மீசையோடத்தானுங்க" என்றாள் வெட்கப்பட்டுக்கொண்டு. நானும் சிரித்துவிட்டேன். அந்த இருட்டறையில் அவள் சொல்லச் சொல்ல, எனக்கும் அந்த ஆள் முட்டைக்குள் நீந்துவதுபோலத் தெரிந்தது.

மார்கழி பிறந்ததும் அவள் டாக்டரிடம் போய் நேராகவே கேட்டுவிட்டாள். எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு சொட்டு கொடுங்கள் என்று. அவர் பதறிவிட்டார். எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், வேறு பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும், முதலில் திடகாத்திரமான இளவட்டங்களுக்குத்தான் கொடுப்பார்கள், நெஞ்சு கெட்டவர்கள் எல்லாம் வரிசையில் கடைசி, எப்படியும் ஐந்தாறு வருஷம் ஆகும் என்று விளக்கினார். அவள், செரிங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இவளுக்கு எதுவுமே உறைக்காதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மார்கழிக் கடைசியில் கரண்ட் படுத்தின பாடு கொஞ்சமல்ல. டாக்டரின் குளிர்ப்பெட்டி நின்றுபோனது. அதில் கிருமி செலுத்திய முட்டைகள் இருந்தன. அவர் அவசர அவசரமாக அவற்றை ஏசி அறைக்கு மாற்றி, அங்கே சும்மா கிடந்த ஒரு பழைய மெஷினில் அடுக்கி, அதன் சூட்டுக் குமிழைக் கீழே இறக்கி வைத்தார். அந்த மெஷின் பல்லடத்து ஹேச்சரிகளில் இருக்கிற அதே ஜாதி. அதே கண்ணாடிக் கதவு, அதே கருப்புக் குமிழ்.

மறுநாள் காலையில் வெங்கடலட்சுமி அந்த அறையைப் பெருக்கப் போயிருக்கிறாள். கண்ணாடிக்குள் முட்டைகள். கதவைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஹேச்சரியில் மெஷின் சில்லிட்டால் அது இழவு விழுந்த மாதிரி. ஆயிரக்கணக்கில் குஞ்சு செத்துப்போகும். அங்கே வேலை பார்த்தவளின் கை எதையும் யோசிக்காது. குமிழைக் குஞ்சு பொரிக்கிற சூட்டுக்குத் திருப்பிவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். திருப்பினது அவளுக்கே நினைவில்லை. இரண்டு நாள் கழித்து நான் போய்ச் சூடு காட்டும் மீட்டரைப் பார்த்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. யார் செய்தது என்று நான் தொண்டை கிழியக் கேட்க, அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நானாத்தான் இருக்குமுங்க. பழைய வேலை நெனப்புல திருப்பிப்போட்டேனாட்ட இருக்குது" என்றாள்.

டாக்டர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், பிறகு முகம் தெளிந்துவிட்டார். போகட்டும், இதுவும் ஒரு சோதனைதான், சூட்டில் இது வளராது என்பதை இப்போது கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்றார். முட்டைகளை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் திரவத்தை எடுத்துச் சோதிக்கச் சொன்னார். முதலில் கொண்டுவந்தபோது அப்படித்தானே இருந்தது, சந்தேகமே இல்லை, சூட்டு வரிசையில் பொட்டுதான் விழும் என்று எங்கள் இருவருக்கும் முன்னால் வைத்துச் சொன்னார்.

பொட்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழியில் முட்டைத் திரவத்தை விட்டு, அதில் கோழி ரத்தத்தின் சிவப்பு அணுக்களைக் கலந்து ஆடாமல் வைக்க வேண்டும். கிருமி இல்லையென்றால் சிவப்பெல்லாம் குழியின் அடியில் வந்து திரண்டு, குங்குமப் பொட்டு வைத்ததுபோல நிற்கும். கிருமி இருந்தால் அது அணுக்களைப் பிடித்துப் பின்னிவிடும். பொட்டு விழாது, குழி முழுக்கச் சிவப்பு விரிந்து கிடக்கும். அதற்கு எங்கள் லேப்பில் பெயர் ஜமக்காளம். பொட்டா ஜமக்காளமா என்றுதான் எல்லாரும் என்னைக் கேட்பார்கள்.

மறுநாள் ரம்ஜான் முதல் நோன்பு. நான் விடியுமுன் எழுந்து சஹர் சாப்பிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வந்திருந்தேன். இரண்டு வரிசை போட்டேன். முன்பு குளிரில் வளர்த்தது ஒரு வரிசை, இப்போது சூட்டில் கிடந்தது ஒரு வரிசை. வெங்கடலட்சுமி முட்டை வேலையை விட்டுவிட்டு வந்து என் மேசைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். போ, வேலையைப் பார் என்றேன். நகரவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு இறங்கியது. குளிர் வரிசையில் ஜமக்காளம். அது எதிர்பார்த்ததுதான். சூட்டு வரிசையைப் பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அங்கேயும் ஜமக்காளம்.

டாக்டர் வந்தார். திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். அதே கதைதான். ஒரு குழியில்கூடப் பொட்டு இல்லை. அவர் மெதுவாக உட்கார்ந்தார். முட்டை மாற்றி முட்டையாக வளரும்போது கிருமி தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டே போகும், நகலெடுக்கும்போது பிசகும், அப்படி ஒரு பிசகில் மாற்றி எழுதின எழுத்து பழையபடி ஆகிவிட்டிருக்கும் என்றார். இப்போது இதற்குச் சூட்டிலும் வளரத் தெரியும். அதாவது நெஞ்சுக்கும் இறங்கும். அவர் சொன்னது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. வெங்கடலட்சுமிக்கு உடனே புரிந்துவிட்டது.

"பொட்டு விழுகவே இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க" என்றார் டாக்டர்.

"நான் காத்தால ஒரு சொட்டு உட்டுக்கிட்டேனுங்க."

எதை என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கேட்டோம். ஃபிரிட்ஜில் இருந்த போன மாசத்துக் குப்பியைக் காட்டினாள். இந்த முட்டைகளுக்குச் செலுத்தியதும் அதிலிருந்துதான். பண்ணையில் புதிதாக ஒரு மருந்து வந்தால் முதலில் ஒரு குஞ்சுக்கு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதற்கு விடுவார்கள். அந்த முதல் குஞ்சு தானாக இருக்கட்டும் என்று நினைத்தாளாம். நேற்று சந்தேகமே இல்லை என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, இன்றைக்கு வந்ததும் அண்ணாந்து தன் மூக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாளாம். தனக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் இரண்டு நாளில் புருஷனுக்கு விடுவதாக இருந்தாள். இதை அவள் சொன்ன தோரணையில், சோற்றுக்கு உப்புப் போட்டதைச் சொல்வதுபோல ஒரு நிதானம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். நோன்பு நேரத்தில் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் வந்துவிட்டது. நீ என்ன கோழியா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே அழுதேன். டாக்டர் என்னை நிறுத்தச் சொன்னார். "சந்தேகமே இல்லைன்னு சொன்னது நானுங்க" என்றார்.

அவள் இன்றைக்கு வீட்டுக்குப் போகக்கூடாது என்பது மட்டும் எல்லாருக்கும் தெளிவாக இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பிழைத்துக்கொள்வாள். அவள் மூச்சு பட்டு லட்சுமணசாமிக்கு வந்தால்? லேப்பின் ஓரத்தில் கேட்டைப் பார்த்தபடி ஓர் அறை சும்மா இருந்தது. அதைக் கழுவி ஒரு கட்டில் போட்டோம். டாக்டர் தனக்குத் தெரிந்த ஒரு வைத்தியரைப் போனில் கூப்பிட்டார். முதலாளிக்கும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

சாயந்தரம் வழக்கம்போல லட்சுமணசாமி வந்தார். நான் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்புவதற்குள் அவர் கேட்டின் கொண்டியை எடுத்துவிட்டார். நேரமாகிவிட்டதே என்று உள்ளே காலை வைத்தார். அறை வாசலில் நின்ற வெங்கடலட்சுமி தெலுங்கில் ஏதோ கத்தினாள். அவள் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. என்ன வார்த்தை என்று புரியவில்லை, ஆனால் எனக்கே கால் நின்றுவிட்டது. அவர் வைத்த காலைப் பின்னால் எடுத்தார்.

நான் நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அவளைப் பார்த்தார், அவள் இவரைப் பார்த்தாள். தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கேட்டின் மேல் போட்டார். "ராத்திரிக்குக் குளுருமுங்க. குடுத்துருங்க" என்றார் என்னிடம். உங்களுக்குத்தான் முதலில் குளிரும், போர்த்துங்கள் என்று நான் எரிந்து விழுந்தேன். மனுஷன் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். நான் கொண்டியைப் போட்டுப் பூட்டினேன்.

இரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. நாங்கள் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு உள்ளே போய் வருவோம். உடம்பு அனலாகக் கொதித்தது. அவளோ ஏதோ திருவிழாவில் சுற்றுகிறவள்போலப் பேசிக்கொண்டிருந்தாள். கூரை சிவப்பாக இருக்கிறதாம். தான் ஒரு முட்டைக்குள் இருக்கிறாளாம். வெளியிலிருந்து யாரோ தன்னைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்களாம். "உசுரு இருக்குதான்னு பாக்கறாங்க ரிஃபத், இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க" என்றாள். சொல்லிவிட்டேன், சொல்லிவிட்டேன் என்று நெற்றியில் ஈரத்துணியைப் போட்டேன்.

சாயந்தரம் லட்சுமணசாமி வந்து பூட்டின கேட்டுக்கு வெளியே நின்றார். போட்டிருந்தது பக்கத்து வீட்டுக்காரருடைய ஸ்வெட்டர், கைகள் முழங்கை வரைதான் வந்தன. இருட்டிக்கொண்டு வந்ததால் அறை ஜன்னலில் அவருக்கு எதுவும் தெரியவில்லை. அவள் முனகினபடி, முட்டை பார்க்கிற கைவிளக்கைக் கொண்டுவரச் சொன்னாள். பெட்டி இல்லாத நேரத்துக்கு நாங்கள் வைத்திருக்கிற சின்ன விளக்கு. கொடுத்தேன். ஜன்னலோரம் எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, அதன் வாயில் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள். கை முழுவதும் செக்கச்செவேலென்று ஆனது. விரல் விரலாக வெளிச்சம் ஓடியது. தெருவில் அவர் தலையை ஆட்டினார். அத்தனை வருஷமாக அவள் முட்டைக் கதையைக் கேட்டு நடந்தவருக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்குமா.

அதிலிருந்து தினமும் அதுதான் பேச்சு. அவர் வந்து நிற்பார், அவள் கையைச் சிவப்பாக்கிக் காட்டுவாள். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொன்னதும் நான் கேட்டருகே நோன்பு திறப்பேன். என் அம்மா சாஜிதா பேகம் தூக்குப் போசியில் கஞ்சி கொடுத்துவிட்டிருப்பாள். கம்பிக்கு வெளியே ஒரு டம்ளர் அவருக்கு நீட்டுவேன். கஞ்சியைக் குடித்துக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பார். பொங்கல் வந்தது, மாட்டுப்பொங்கல் வந்தது, பூப்பறிக்கப் போகிற பெண்கள் குளத்தங்கரையில் பாடிக்கொண்டு போனார்கள். அவர் அதே இடத்தில் நின்றார்.

ஒரு நாள் ஜன்னல் இருட்டாகவே இருந்தது. பாங்கு முடிந்து, கஞ்சி ஆறிப் போயிற்று. அவர் கம்பியைப் பிடித்தார். கேட்டை ஆட்டினார். "தொறந்துருங்க" என்றார். திறக்க மாட்டேன் என்றேன். அவருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. உங்கள் பெண்சாதி எதற்காக இந்தப் பாடுபடுகிறாள் என்று தெரிந்துமா உள்ளே வருகிறேன் என்கிறீர்கள், வந்து விழுந்து செத்தீர்களானால் அவள் எழுந்து யார் முகத்தில் முழிப்பாள் என்று கத்தினேன். நான் உள்ளே ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும், ஆனால் கேட்டை விட்டு நகர்ந்தால் ஏறிக் குதித்துவிடுவாரோ என்று பயம். அந்தச் சமயத்தில் ஜன்னலில் மங்கலாக ஏதோ சிவந்தது. மறைந்தது, மறுபடி சிவந்தது. பிறகு விரல்கள் தெரிந்தன. காய்ச்சல் விட்டு வேர்த்து, அசந்து தூங்கிவிட்டிருக்கிறாள் கூமுட்டை. அவர் கேட்டின் அடியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். ஆறின கஞ்சியை நாங்கள் இரண்டு பேரும் குடித்தோம்.

காய்ச்சல் விட்டாலும் உடனே அனுப்பிவிட டாக்டர் சம்மதிக்கவில்லை. கிருமி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, அவள் மூக்கைக் கழுவின நீரை முட்டைகளுக்குள் செலுத்தி, பாதியைக் குளிரிலும் பாதியைச் சூட்டிலும் வைக்கச் சொன்னார். இதற்கு நடுவே அவர் தன் வேலையையும் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். மாசக்கணக்கில் வளர்த்ததை எல்லாம் கொதிகலனில் போட்டுக் கொன்றார். மூன்று எழுத்து போதாது, ஒன்று பிசகினாலும் மற்றது பிடித்துக்கொள்கிற மாதிரி இன்னும் சில இடங்களில் மாற்ற வேண்டும், இனி ஒவ்வொரு முட்டைக்கும் சூட்டு வரிசை போட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த முட்டை என்றார். அவளை வேலையை விட்டு அனுப்பச் சொன்ன முதலாளியிடம், அப்படியானால் என்னையும் சேர்த்து அனுப்புங்கள் என்றாராம். கடைசியில் இரண்டு பேரும் வேலையில் இருந்தார்கள்.

அவள் மூக்கு நீர் விட்ட முட்டைகளுக்கு நான் தட்டைப் போட்டேன். அவளை அறை வாசலிலேயே உட்காரவைத்துவிட்டு, சிவப்பு இறங்கும்வரை காத்திருந்து, தட்டை ஏந்திக்கொண்டு போய்க் காட்டினேன். குளிர் வரிசையில் பொட்டு, பொட்டு, பொட்டு.

"சூட்டு வரிசையிலயுமுங்களா?"

"கண்ணைத் திறந்து பாரு" என்றேன். அதிலும் கடைசிக் குழிவரை பொட்டுதான். அவள் விரலால் தொடாமல் ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தக் குளிர் முழுவதும் லட்சுமணசாமிக்குக் காய்ச்சல் வரவில்லை. மருந்தால் வராமல் போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றதால் வரவில்லை.

சாயந்தரம் அவர் வந்தார். நான் பூட்டைத் திறந்தேன், ஆனால் கொண்டியை எடுக்கவில்லை. அவள் சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து நடந்து வந்தாள். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் கால் தானாக நின்றுவிட்டது. அவரும் அந்தப் பக்கம் அசையாமல் நின்றார். இத்தனை நாள் தள்ளி நின்று நின்று இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது. அவளிடம் எப்போதும் தெலுங்கு பேசுகிறவர், எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழில் கேட்டார்.

"இனி வரலாமா அம்மணி?"

அவள் வலது கையைத் தூக்கி, விரித்துக் காட்டினாள். விளக்கு இல்லாத வெறும் கை. நான்தான் போய்க் கொண்டியை எடுத்தேன்.